ஊற்றண்டைக்குப் போகும் படிப்பு



 

நம் ஆஸ்பத்திரி மருத்துவர்களில் ஒருவரைப் பொது சுகாதார மேற்படிப்புக்கு அனுப்ப நிர்வாகக் குழு தீர்மானித்திருக்கிறது. இதைக் கேள்விப்பட்ட ஆதரவாளர்கள் சிலர் எங்களிடம் மனந்திறந்து பேசினார்கள். "இருக்கிற டாக்டர்களே போதவில்லை. ஒருவரை இரண்டு வருஷம் அனுப்பிவிட்டால் நோயாளிகளை யார் பார்ப்பது? ஆபரேஷன் செய்யப் படித்தாலும் பிரயோஜனம் உண்டு. இது ஊசிகூடப் போடாத படிப்பாமே!" என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். உங்கள் காணிக்கை எதற்குச் செலவாகிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆகவே அந்தப் படிப்பு என்ன, அது ஏன் மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தேவை என்பதை இந்த இதழில் விளக்க விரும்புகிறோம்.

எரிகோவின் தண்ணீர்

இரண்டாம் இராஜாக்கள் புத்தகம் இரண்டாம் அதிகாரத்தின் முடிவில் ஒரு சம்பவம் உண்டு. எரிகோ ஊர்க்காரர் எலிசாவினிடம் வந்து, ஊர் நன்றாக இருந்தாலும் தண்ணீர் கெட்டுப்போயிருக்கிறது என்று முறையிட்டார்கள். தீர்க்கதரிசி வீடு வீடாகப் போய்க் குடங்களில் உப்புப் போடவில்லை. தண்ணீர் புறப்படுகிற ஊற்றண்டைக்கே போனார். தேவன் அங்கே தண்ணீரை ஆரோக்கியமாக்கினார். முழு ஊரும் சுகம் கண்டது.

ஆஸ்பத்திரியில் நாங்கள் செய்வது பெரும்பாலும் குடங்களைச் சுத்தம் செய்யும் வேலை. வயிற்றுப்போக்கினால் துவண்டுபோன குழந்தையைத் தாய் தூக்கி வருகிறாள். உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுக்கிறோம். தேவைப்பட்டால் குளுகோஸ் ஏற்றுகிறோம். மூன்றாம் நாள் குழந்தை சிரிக்கிறது. ஆனால் அது திரும்பிப் போவது அதே தெருவுக்கு, அதே தண்ணீருக்கு. குழாய் ஏன் அந்தத் தெருவுக்கு மட்டும் வரவில்லை? தாய் ஏன் இரண்டு நாள் தாமதித்து வந்தாள்? ஒரு நாள் கூலியை இழந்தால் அடுப்பு எரியாது என்பதாலா, மாமியாரோ கணவரோ அனுமதிக்க வேண்டும் என்பதாலா? இவற்றுக்கு விடை மருந்துச் சீட்டில் இல்லை. தண்ணீர், உணவு, வீடு, வேலை, கூலி, கல்வி, சாதி, பெண்ணுக்கு வீட்டில் உள்ள இடம் ஆகியவை ஒரு மனிதனின் ஆரோக்கியத்தை எப்படித் தீர்மானிக்கின்றன என்று ஆராய்வதே இந்தப் படிப்பின் இருதயம். இவற்றை ஆரோக்கியத்தின் சமூகக் காரணிகள் என்று சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே 2005-ல் ஓர் ஆணைக்குழுவை ஏற்படுத்தி, 2008-ல் அதன் அறிக்கையை வெளியிட்டது.

பதிவேட்டில் இல்லாதவர்கள்

மருத்துவப் பட்டப்படிப்பில் ஒரு மாணவர் முக்கியமாகக் கற்பது தன்முன் வந்து உட்காரும் ஒரு நோயாளியைக் கவனிப்பது எப்படி என்பதைத்தான். மேற்படிப்பில் அவர் ஒரு கிராமத்தை, ஒரு வட்டாரத்தை முழுவதுமாகக் கவனிக்கக் கற்றுக்கொள்கிறார். எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் மூன்று வருஷம் படித்துச் சமுதாய மருத்துவத்தில் எம்.டி. பட்டம் பெறலாம். பொது சுகாதார முதுநிலைப் பட்டமாகிய எம்.பி.எச். பெரும்பாலும் இரண்டு வருஷப் படிப்பு. டாக்டர்கள் மட்டுமல்ல, நர்சுகளும் சமூகப் பணியாளர்களும்கூட இதைப் பல இடங்களில் படிக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997 முதல் இப்பட்டத்திற்குப் பயிற்சி அளித்து வருகிறது.

முதல் பாடமே எண்ணுவதுதான். உதாரணமாக, ஒரு மாதத்தில் பெரிய கிராமத்திலிருந்து வயிற்றுப்போக்குடன் 10 குழந்தைகளும், சிறு குக்கிராமத்திலிருந்து 4 குழந்தைகளும் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்த ஊரில் ஆபத்து அதிகம்? 10 என்று சொல்லத் தோன்றும். ஆனால் பெரிய கிராமத்தில் 1,000 குழந்தைகள், குக்கிராமத்தில் 80 குழந்தைகள் என்றால், அங்கே நூற்றுக்கு 1, இங்கே நூற்றுக்கு 5. உதவி முதலில் போகவேண்டிய இடம் குக்கிராமம். இன்னொன்றும் உண்டு. நோயுற்றும் வராதவர்கள் எத்தனை பேர்? ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் வந்தவர்களின் பெயர்தான் இருக்கும். பஸ் கட்டணம் இல்லாமல் வீட்டிலேயே கிடந்தவர்களின் பெயர் அதில் இராது. காணாமற்போன அந்த ஆடுகளைத் தேட, வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் முறை தெரிய வேண்டும். புள்ளியியலும், நோய் யாருக்கு, எங்கே, எதனால் வருகிறது என்று ஆராயும் எபிடமியாலஜியும் அதற்காகவே கற்பிக்கப்படுகின்றன.

இப்படி எண்ணிப் பார்க்கும்போது கண்கள் திறக்கின்றன. 2020-ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி, உயிரோடு பிறந்த 1,000 குழந்தைகளில் ஒரு வயது நிறையுமுன் இறந்தவர்கள் கேரளத்தில் 6, தமிழ்நாட்டில் 13, மத்தியப் பிரதேசத்தில் 43. ஒரே தேசம், ஒரே விதமான மருந்துகள். ஆனாலும் குழந்தை எந்த ஊரில், எந்தத் தாயின் மடியில் பிறந்தது என்பது ஏழு மடங்கு வித்தியாசத்தை உண்டாக்குகிறது.

அரிசியும் பருப்பும் மருந்தாகும்போது

"ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் நோய் குறையும் என்பது யாருக்கும் தெரியுமே, அதற்குப் படிப்பு எதற்கு?" என்று கேட்கலாம். எவ்வளவு குறையும் என்று நிரூபிக்கும்போதுதான் அரசும் ஆஸ்பத்திரிகளும் அதற்குப் பணம் ஒதுக்கும்.

ஜார்க்கண்டில் நான்கு மாவட்டங்களில் நடந்த ஒரு ஆராய்ச்சி இதற்கு நல்ல சாட்சி. டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா ஆகியோரின் குழு 2019-ல் இதைத் தொடங்கியது. 2,800 காசநோயாளிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 10,345 பேரை அவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். நோயாளிகள் எல்லாருக்கும் மருந்தோடு உணவுப் பொருள்கள் கொடுக்கப்பட்டன. ஒரு பகுதியினரின் குடும்பத்தாருக்கும் மாதந்தோறும் அரிசி, பருப்பு, சத்து மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. மற்றப் பகுதியினரின் குடும்பத்தார் வழக்கமான உணவையே உண்டு வந்தார்கள். முடிவுகள் 2023-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியாயின. உணவு பெற்ற குடும்பத்தாரிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம், அதாவது ஏறக்குறைய பாதி குறைந்தது.

காசநோய்க் கிருமியைக் கொல்லும் மாத்திரையை நாம் நோயாளிக்குக் கொடுக்கிறோம். அதே குடிசையில் படுத்துறங்கும் மனைவியையும் பிள்ளைகளையும் பாதுகாப்பதில் ஒரு மூட்டை அரிசிக்கும் பங்குண்டு என்பது இதனால் தெளிவாயிற்று. இத்தகைய கேள்வியை ஒழுங்காகக் கேட்டு, பாரபட்சமில்லாமல் விடை காண்பதற்கே பயிற்சி தேவை.

ஜாம்கேடு தரும் சாட்சி

இந்தப் படிப்பு ஒரு மிஷன் டாக்டரின் கையில் என்ன செய்யும் என்பதற்கு நம் தேசத்திலேயே முன்மாதிரி உண்டு. டாக்டர் ரஜனிகாந்த் அரோலேயும் அவர் மனைவி டாக்டர் மேபெல் அரோலேயும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்கள். 1960-களில் மகாராஷ்டிரத்தில் வடாலா என்னும் ஊரின் மிஷன் ஆஸ்பத்திரியில் இரவு பகலாக உழைத்தார்கள். ஆனால் குணமாகிப் போனவர்கள் அதே நோய்களோடு திரும்பி வருவதைக் கண்டார்கள். தடுத்திருக்கக் கூடிய நோய்களே வரிசையில் நின்றன. இருவரும் அமெரிக்காவுக்குச் சென்று, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொது சுகாதார மேற்படிப்பு முடித்தார்கள். அங்கே அவர்களுக்கு வழிகாட்டியவர் டாக்டர் கார்ல் டெய்லர். அவரும் இந்தியாவில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவரே.

அவர்கள் அமெரிக்காவிலேயே தங்கிவிடவில்லை. 1970-ல் அகமதுநகர் மாவட்டத்தில் (இன்று அகில்யாநகர்), மழை பொய்க்கும் ஜாம்கேடு என்னும் பின்தங்கிய பகுதிக்கு வந்தார்கள். சிறிய ஆஸ்பத்திரி ஒன்றை நடத்தினார்கள். அதே சமயத்தில் கிராமங்களுக்குள்ளும் போனார்கள். முதலில் நர்சுகளைக் கிராமங்களில் வைத்துப் பார்த்தார்கள். அது எதிர்பார்த்தபடி அமையவில்லை. பின்பு கிராமத்தாரே தங்களில் ஒரு பெண்ணைத் தெரிந்தெடுத்து அனுப்ப, அவர்களைக் கிராம சுகாதார ஊழியர்களாகப் பயிற்றுவித்தார்கள். பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பலர் தலித் பெண்கள். சுத்தமான பிரசவம், குழந்தைக்கு உணவு, தடுப்பூசி, வயிற்றுப்போக்குக்குக் கரைசல் என்று அவர்கள் வாராவாரம் வந்து கற்று, தங்கள் தெருவுக்குத் திரும்பிப் போய்ச் செய்தார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கொடிய பஞ்சம் வந்தபோது குடிநீருக்காக ஆழ்குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. அவற்றில் பல, தலித் மக்கள் குடியிருக்கும் பகுதியில் அமையும்படி பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர் வேண்டுமானால் எல்லாரும் அங்கே வர வேண்டும். ஒரே கிணற்றினால் வயிற்றுநோயும் குறைந்தது, தீண்டாமையின் சுவரும் ஆட்டங்கண்டது. எங்கே கிணறு தோண்டுவது என்பதும் மருத்துவத் தீர்மானம்தான் என்று அறிந்தவர்கள் எடுத்த முடிவு அது.

ஜாம்கேடு கிராமங்களில் 1971-ல் பிறந்த 1,000 குழந்தைகளில் 176 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். 1990-களில் அந்த எண்ணிக்கை 30-க்கும் கீழே வந்தது. 1979-ல் அரோலே தம்பதியருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது. 1978-ல் அல்மா அட்டா மாநாடு எல்லாருக்கும் ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பு என்னும் கொள்கையை உலகத்தின்முன் வைத்தது. அதற்கு முன்னரே, 1975-ல், உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஒரு நூலில் ஜாம்கேடு முன்மாதிரிகளுள் ஒன்றாக இடம்பெற்றது. மேபெல் அம்மையார் 1999-லும் ரஜனிகாந்த் ஐயா 2011-லும் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். ஊழியம் தொடர்கிறது.

அந்தக் கிராம ஊழியர்களில் ஒருவரான முக்தாபாய் போல், 1988-ல் வாஷிங்டனில் நடந்த ஒரு மாநாட்டில் பேசினார். மண்டபத்தில் தொங்கிய அலங்கார விளக்குகளைக் காட்டி, டாக்டர்கள் இவற்றைப் போன்றவர்கள், விலையும் அதிகம், எட்டாத உயரம் என்றார். பின்பு சிறிய திரிவிளக்கைக் காட்டி, நாங்கள் இதைப் போன்றவர்கள், இதிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றலாம் என்றார். டாக்டர்கள் படித்த படிப்பின் பலன் இப்படி ஒரு கிராமத்துத் தாயின் கையில் விளக்காய் எரிந்தது.

இதற்கு நாம் கொடுக்கும் விலை

உங்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் படிப்பின் பலனைப் புகைப்படம் எடுத்து அனுப்ப முடியாது. கண் ஆபரேஷன் முடிந்து கட்டு அவிழ்த்த பாட்டியின் முகத்தைப் படமெடுக்கலாம். காசநோய் வராமல் தப்பிய சிறுமியை யாரென்று காட்டுவது? தான் தப்பியது அவளுக்கே தெரியாது. நன்றி சொல்லி அவள் கடிதம் எழுதப்போவதும் இல்லை. கணக்கேட்டில் ஒரு எண் குறைந்திருக்கும், அவ்வளவுதான். அந்தக் குறைந்த எண்ணுக்குள் உயிருள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று விசுவாசித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மருத்துவர் இல்லாத நாட்களில் வெளிநோயாளர் வரிசை நீளும் என்பதும் உண்மை. மற்ற மருத்துவர்கள் அந்தப் பாரத்தைப் பகிர்ந்துகொள்ள முன்வந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக் கட்டில்களை விட்டுவிட்டு இதைச் செய்யப் போவதில்லை. ஆபரேஷன் அறையும் பிரசவ வார்டும் முன்போலவே நடக்கும். வியாதியஸ்தரைத் தொட்டுச் சுகமாக்கின ஆண்டவர், பசியாயிருந்த ஜனங்களைப் பந்தியிருக்கச் செய்து போஷித்தவருமல்லவா?

படிப்பு முடிந்து திரும்பும் மருத்துவர் முதலாவது நம்மைச் சுற்றியுள்ள கிராமங்களில் வீட்டுக் கணக்கெடுப்பைத் தொடங்குவார். எந்தத் தெருவில் பிள்ளைகள் அதிகம் நோய்ப்படுகிறார்கள், யார் ஆஸ்பத்திரிக்கு வராமலேயே இருக்கிறார்கள் என்பதை அறிந்து, கிராமத்தாரோடு உட்கார்ந்து அடுத்த காரியத்தைத் தீர்மானிப்போம். கண்டறிந்ததை, நல்லதோ கெட்டதோ, இதே இதழில் உங்களுக்குக் கணக்கு ஒப்புவிப்போம்.

ஜெபக் குறிப்புகள்

1. மேற்படிப்புக்குப் புறப்படும் மருத்துவருக்கு ஞானமும் சரீர பெலனும், குடும்பத்துக்குப் பாதுகாப்பும் கிடைக்க ஜெபியுங்கள்.

2. கூடுதல் வேலையைச் சுமக்கும் மருத்துவர்களும் நர்சுகளும் சோர்ந்துபோகாதபடி ஜெபியுங்கள்.

3. படிப்புக் கட்டணமும் விடுதிச் செலவும் குறைவில்லாமல் சந்திக்கப்பட ஜெபியுங்கள். ஏவப்படுகிறவர்கள் மனமுவந்து பங்குபெறலாம்.

4. இதுவரை ஆஸ்பத்திரி வாசலுக்கே வராதவர்களை நாம் கண்டடைய ஜெபியுங்கள்.

 

கிறிஸ்துவின் பணியில்,
ஆஸ்பத்திரி ஊழியர் குடும்பத்தார்