ராமானுஜன் வெச்ச ரசம்!

சேவூரில் கடலைக்காய் மூட்டை கட்டுகிற மாதிரி எதிர்வீட்டில் சூட்கேஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். பையன் ஜெர்மனிக்கு மேல்படிப்புக்குப் போகிறான். பெட்டியின் ஒரு பக்கம் கொள்ளு, பருப்புப்பொடி, புளி, வரமிளகாய். மறுபக்கம்... அதேதான்! சட்டை, பேன்ட்டெல்லாம் இடம் கிடைக்காமல் கட்டிலில் கிடந்து ஏக்கமாகப் பார்த்தன.

"கண்ணு, அங்கே சோத்துக்கு என்ன பண்ணுவே?"

"நானே பொங்கிக்குவேனுங்கம்மா. ரூமிலேயே சாப்பிட்டுட்டுப் படிக்க வேண்டியதுதான். எதுக்கும் யாரையும் போய்க் கேட்கவேண்டியதில்லை!"

"பாத்தீங்களா, வெவரமான பையன்!" என்று அவன் அப்பா பூரித்துப்போய் என்னைப் பார்த்தார். எனக்கோ அந்தக் கடைசி வரி சுருக்கென்றது. காரணம், நூறு வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் ஒருத்தர் தானே பொங்கித் தின்று, தனியாக உட்கார்ந்து படித்தார். அவரும் நம்ம கொங்கு மண்ணில் பிறந்தவர்தான்.

கணித மேதை ராமானுஜன். 1887 டிசம்பர் 22-ம் தேதி ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணக்கிலேயே மூழ்கிக் கிடந்ததில், காலேஜில் இங்கிலீஷில் கோட்டைவிட்டு ஸ்காலர்ஷிப்பைப் பறிகொடுத்தவர். 1912-ல் சென்னை துறைமுக ஆபீஸில் கிளார்க் வேலை. மாசம் முப்பது ரூபாய் சம்பளம். (ஃபைலோடு மல்லுக்கட்டும் அன்பர்கள் காலரை உயர்த்திக்கொள்ளலாம்!) 1913 ஜனவரியில் அந்த கிளார்க் போட்ட ஒரு கடிதம்தான் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டியை உலுக்கியது.

1914 மார்ச்சில் கப்பல் ஏறினார். ஏறுமுன் குடுமி போச்சு. வேட்டி போய் பேன்ட் வந்தது. முள் கரண்டி பிடிக்கவும் டிரெயினிங்! ஏப்ரலில் லண்டன் போய்ச் சேர்ந்தார்.

சரி, அங்கே பாடம் கஷ்டமாக இருந்ததா? கேட்கவே வேண்டாம். பெர்ரி என்று ஒரு ஆசிரியர் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ராமானுஜன் முகத்தில் மத்தாப்பூ. "ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கேட்டார். மனுஷன் விடுவிடுவென்று எழுந்து போய், ஆசிரியரே இன்னும் நிரூபிக்காத விடைகளைப் பலகையில் எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தார்!

வகுப்பில் புலி. ஆனால், ராத்திரியானால் குளிரில் நடுக்கம்.

அங்கே படித்துக்கொண்டிருந்த வங்காளத்து இளைஞர் மகலனோபிஸ் ஒருநாள் அவருடைய அறைக்குப் போனார். ராமானுஜன் கணப்பு அடுப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தார். "ராத்திரி எப்படித் தூங்குகிறீர்கள்?" "ஓவர்கோட்டைப் போட்டு, மேலே சால்வையைச் சுற்றிக்கொண்டு!" கம்பளி கொடுக்கவில்லையா என்று படுக்கையைப் போய்ப் பார்த்தால், கம்பளிகள் மெத்தையோடு சேர்த்து இறுக்கமாகச் செருகியபடி அப்படியே இருக்கின்றன. அதைப் பிரித்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. இத்தனை நாளும் கம்பளிக்கு மேலேயே படுத்திருக்கிறார்! எப்படிப் படுப்பது என்று மகலனோபிஸ்தான் காட்டிக்கொடுத்தார்.

சிரிப்பு வருகிறதா? எனக்கும் வந்தது. அப்புறம்தான் தொண்டையை அடைத்தது. யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் நாளே தீர்ந்திருக்கும்.

அடுத்தது சாப்பாடு. அவர் சுத்த சைவம். காலேஜ் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டபோது, இவர் அறையில் தனியாகச் சமைத்தார். 1914 ஆகஸ்டில் முதல் உலகப்போரும் வந்துவிட்டது. காய்கறிக்கே திண்டாட்டம்.

அந்தச் சமையலின்போதும் மகலனோபிஸ்தான் துணை. ஒருநாள் பத்திரிகையில் வந்த புதிர் ஒன்றை வாசித்தார். ஒரு தெருவில் 1, 2, 3 என்று வரிசையாக வீட்டு நம்பர். ஒருத்தர் வீட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் நம்பர்களைக் கூட்டினாலும், அந்தப் பக்கம் இருப்பதைக் கூட்டினாலும் ஒரே தொகை. (எட்டு வீடு இருக்கும் தெருவில் ஆறாம் நம்பர் வீடு. கூட்டிப் பாருங்கள், இரண்டு பக்கமும் 15!) தெருவில் 50-க்கு மேல், 500-க்குள் வீடுகள் என்றால் அவர் வீட்டு நம்பர் என்ன? 288 வீட்டுத் தெருவில் 204-ம் நம்பர். மகலனோபிஸ் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தார். ராமானுஜன் வாணலியைக் கிளறிக்கொண்டே, இந்த மாதிரி எத்தனை தெரு வந்தாலும் அத்தனைக்கும் சேர்த்து ஒரே சூத்திரம் சொல்லிவிட்டார்!

அதெல்லாம் சரி, ரசம்? ஒருமுறை இந்திய நண்பர்களைக் கூப்பிட்டு, தன் கையால் ரசம் வைத்துப் பரிமாறினார். இரண்டு ரவுண்டு ஆயிற்று. மூன்றாவது தடவை விருந்துக்கு வந்த பெண்கள் "போதும்" என்றுவிட்டார்கள். நம்மூரில் இது தினம் நடக்கிற சங்கதி. ராமானுஜனோ சத்தம் போடாமல் வெளியே போனவர், போனவர்தான்! சில நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து, ஐந்து பவுண்டு அனுப்பும்படி தந்தி வந்தது. தன் சமையலை அவமதித்துவிட்டார்கள் என்று அவ்வளவு வருத்தம்.

வெறும் ரசத்துக்கா இந்தக் கோபம்? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அம்மா, மனைவி எல்லோரும் கடல் தாண்டி இருக்கிறார்கள். தானே அடுப்பூதி, தானே தின்று கொண்டிருந்தவர், அபூர்வமாக நாலு பேருக்கு இலை போட்டிருக்கிறார். அன்றைக்கு அவர் ஊற்றியது ரசம் மட்டுமில்லை.

1917-ல் உடம்பு படுத்துவிட்டது. 1918-ல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். 1919-ல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் காலமானார். வயது 32. காசநோய் என்று வைத்தியம் பார்த்தார்கள். அது ஈரலில் வந்த அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994-ல் ஒருவர் எழுதினார். தனிமைதான் கொன்றது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், அந்த ஐந்து வருஷத்தை அது இன்னும் கொஞ்சம் குளிராக்கியது என்று தாராளமாகச் சொல்லலாம்.

எதிர்வீட்டுப் பையனிடம் இவ்வளவும் சொல்லி முடித்தேன். "தம்பி, நீ பொங்கித் தின்பது ரொம்ப நல்லது. ஆனா, கதவைச் சாத்திக்கிட்டுத் தின்னாதே. பக்கத்து ரூம்காரன் எந்த நாட்டுக்காரனா இருந்தாலும் கூப்பிடு. ரெண்டு வார்த்தை அவன் பாஷையைக் கத்துக்கோ. தெரியாததைக் கூச்சப்படாம கேளு. மூணாவது கரண்டிக்கு அவன் 'போதும்'னா கோவிச்சுக்காதே!"

பையன் யோசித்தான். பிறகு உள்ளே போய் இன்னொரு தட்டு எடுத்து வந்து பெட்டியில் வைத்தான்.

"ஏங்கண்ணு, ஏற்கெனவே ஒண்ணு வெச்சாச்சே?" என்றார் அம்மா.

"இது வர்றவங்களுக்குங்கம்மா."

அம்மா ஒரு விநாடி அவனையே பார்த்தார். அப்புறம் சத்தமில்லாமல் இன்னொரு படி கொள்ளு அளந்து கொண்டுவந்தார்.

சட்டைகள் இன்னும் கட்டிலில்தான் கிடக்கின்றன!