லாபம் வந்தது, நின்றதா?

கோட்டூர்புரத்தில் எங்கள் குடியிருப்பின் மாடிப்படியோரம் பழைய டெலிபோன் கம்பி இன்னும் தொங்குகிறது. பக்கத்திலேயே புது ஃபைபர். நான் லேண்ட்லைன் காலத்து ஆள். அதனால் பி.எஸ்.என்.எல். காலாண்டுக் கணக்கு வந்தால் கிரிக்கெட் ஸ்கோர் போலப் பார்ப்பேன்.

2024 அக்டோபர்-டிசம்பரில் 262 கோடி ரூபாய் லாபம். 2007க்குப் பிறகு இதுதான் முதல் முறை! வீட்டு ஃபைபர் வருமானம் மட்டும் 18 சதவீதம் கூடியிருந்தது. அடுத்த காலாண்டிலும் 280 கோடி. ஆனால் 2024-25 முழு ஆண்டைக் கூட்டினால் 2,247 கோடி நஷ்டம்தான். முந்தைய ஆண்டின் 5,370 கோடியைப் பார்த்தால் இது எவ்வளவோ தேவலை. 2025 ஏப்ரல்-ஜூனில் மறுபடி 1,049 கோடி நஷ்டம். இதற்கு ஒரு காரணம் உண்டு: 4ஜி கருவிகளில் போட்ட பணம் ஒரே நாளில் கணக்கிலிருந்து போய்விடாது. தேய்மானம் என்ற பெயரில் வருஷக்கணக்கில் லாபத்தைத் தின்னும். ஆக, ஒரு காலாண்டை வைத்து மாலை போடுவது அவசரம்.

இனி நம் வீட்டு ஃபைபர் பில்லுக்கு வருவோம். எந்த கம்பெனியானாலும் வரி சேர்க்காத விலை 499 ரூபாய் என்றால், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 589 ஆகிவிடும். 'அன்லிமிடெட்' என்பதிலும் பெரும்பாலும் ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் வேகம் படுத்துவிடும். பணம் கட்டுமுன் அந்த வரம்பு எத்தனை ஜி.பி., அதற்குப் பிறகு வேகம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.