சிடி ஓரத்தில் பச்சை மை: காது பொய் சொல்லுமா?

இன்னைக்கு எபிசோடுல நாம பேசப்போறது, வீட்டில் பாட்டு கேட்கிற சிஸ்டத்துக்குச் செய்யப்படும் சில விநோத வைத்தியங்களைப் பற்றி. ஸ்பீக்கர் கேபிள் தரையில் படக்கூடாது என்று அதற்குக் குட்டிக் குட்டித் தாங்கிகள், ஆம்ப்ளிஃபயர் மேலே வைக்கிற கல், சாதாரண பவர் கார்டுக்குப் பதிலாகப் பல்லாயிரம் ரூபாய்க்கு ஒரு பவர் கார்டு. சிரிக்காதீங்க, இதெல்லாம் நிஜமாகவே விற்பனையில் இருக்கிற பொருட்கள். 'ட்வீக்' என்று சொல்வார்கள்.

'இதை வாங்கிப் போட்டா சவுண்டு மாறுமா?' என்று கேட்டால், பெரும்பாலானவற்றுக்கு 'மாறாது' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால், வாங்கிப் போட்டவர் 'எனக்கு மாறிச்சே!' என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அப்போ நடந்தது என்ன? இன்றைய கேள்வி அதுதான்.

ஒரு பழைய உதாரணத்தோடு ஆரம்பிப்போம். 1990 வாக்கில் அமெரிக்காவில் ஒரு பழக்கம் பரவியது. சிடியின் வெளி ஓரத்தைச் சுற்றிப் பச்சை மார்க்கரால் ஒரு கோடு போடுவது. அதற்கென்றே தனி பேனாக்கூட விற்றார்கள். சொல்லப்பட்ட காரணம் இது: லேசர் ஒளி சிவப்பு, அது வட்டுக்குள் சிதறி ஓரத்தில் பட்டுத் திரும்புகிறது, பச்சை மை அதை உறிஞ்சிவிடும், அதனால் பாட்டு தெளிவாகும்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சிடி எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் பார்க்கணும். முதலில், சிடி பிளேயரின் லேசர் சுமார் 780 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. அது அகச்சிவப்பு. நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் மை அகச்சிவப்பையும் உறிஞ்சும் என்று நாமாக முடிவு கட்ட முடியாது.

அதைவிட முக்கியமான விஷயம், வட்டில் இருப்பது எண்கள். ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். கீறல் விழுந்தாலும் தப்பிக்க வேண்டும் என்பதற்காகப் பிழைதிருத்தக் குறியீடும் கூடவே பதிந்திருக்கிறது. தடத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் போய்விட்டால்கூட, அதை முழுசாகக் கணக்குப் போட்டு மீட்டுவிட முடியும். மீட்ட எண்கள் ஒரு தற்காலிகச் சேமிப்பில் காத்திருந்து, பிளேயரின் கடிகாரச் சுற்று சொல்லும் வேகத்தில்தான் வெளியே வருகின்றன. சந்தேகம் இருந்தால், கோடு போடுவதற்கு முன்னும் பின்னும் அதே சிடியைக் கணினியில் காப்பி எடுத்து, இரண்டு ஃபைல்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எண்கள் மாறவில்லை என்றால் மை எதைத் திருத்தியது?

சரி, ஆனாலும் நிறைய பேருக்கு வித்தியாசம் கேட்டதே? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகுது. வித்தியாசம் கேட்பதற்கு நிஜமான காரணங்களே சில உண்டு, அவற்றுக்கும் வாங்கிய பொருளுக்கும் சம்பந்தம் இல்லை, அவ்வளவுதான்.

ஒன்று, கேபிள் மாற்றும்போது பழைய பிளக்கைப் பிடுங்கிப் புதிதாகச் சொருகுகிறோம். பழைய இணைப்பில் களிம்பு பிடித்திருந்தாலோ, லூசாக இருந்தாலோ, சும்மா பிடுங்கிச் சொருகினாலே ஒலி தேறும். பெயர் புதுக் கேபிளுக்குப் போய்விடும்.

இரண்டு, நாம் உட்காரும் இடம். 3,400 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர்தான். எழுந்து போய் கேபிளை மாற்றிவிட்டு வந்து ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தால், உச்ச ஸ்தாயி ஒலிகள் காதுக்கு வந்து சேரும் விதமே மாறிவிடும்.

மூன்று, சத்தத்தின் அளவு. அரை டெசிபல் கூடினால் 'சத்தம் கூடியிருக்கு' என்று நமக்குத் தோன்றாது, 'தெளிவா இருக்கு' என்றுதான் தோன்றும். இரண்டு ஆம்ப்ளிஃபயரை ஒப்பிடும்போது அளவைச் சமப்படுத்தாமல் கேட்டால், பெரும்பாலும் சற்றே சத்தமானதுதான் ஜெயிக்கும்.

நான்காவது, எதிர்பார்ப்பு. இதைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு இருக்கு. 1994-ல், ஹார்மன் நிறுவனத்தில் வேலை பார்த்த ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இருவர், அதே நிறுவனத்தின் ஊழியர்கள் 40 பேரை உட்காரவைத்து ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஒருமுறை ஸ்பீக்கரைப் பார்த்தபடி, இன்னொரு முறை திரைக்குப் பின்னால் வைத்து. பார்த்தபடி கேட்டபோது, பெரிய, விலை கூடின ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் ஏறியது, சின்ன, மலிவான செட்டுக்கு இறங்கியது. திரையைப் போட்டதும் அந்த மலிவான செட் மற்றவற்றுக்குச் சமமாக நின்றது.

இதுவரை நீங்க ஊகித்திருப்பீங்க. அந்த ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றி வைத்தால் ஒலி நிஜமாகவே மாறும். திரை இருந்தபோது ஊழியர்கள் அந்த மாற்றத்தை நன்றாகவே கவனித்தார்கள். ஸ்பீக்கர் கண்ணுக்குத் தெரிந்தபோது, அதே மாற்றம் அவர்களின் மதிப்பெண்ணில் சரியாகப் பதிவே ஆகவில்லை. அதாவது, எதிர்பார்ப்பு இல்லாததைக் கேட்கவைப்பது ஒருபக்கம், இருப்பதைக் கேட்கவிடாமலும் செய்கிறது. ட்வீக் வாங்குபவர் இழப்பது பணம் மட்டும் இல்லை, தன் காதின் கூர்மையையும்தான்.

இதை நிஜ உலகத்தில் காட்டிய சம்பவம் ஒன்று 2022-ல் நடந்தது. மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க நிறுவனம் வினைல் ரெக்கார்டுகளை உயர்ந்த தரத்தில் மறுபதிப்பு செய்வதற்குப் பேர் போனது. அவை மூல டேப்பிலிருந்து டிஜிட்டல் கலக்காமல் வந்தவை என்று வாங்கியவர்கள் நம்பினார்கள். நடுவில் ஒரு டிஜிட்டல் கட்டம் இருக்கிறது என்று அந்த ஆண்டு வெளியே வந்தது. அதுவும் 2011 முதலே சில ரெக்கார்டுகளில் இருந்திருக்கிறது. டிஜிட்டல் என்றாலே ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவேன் என்று சொன்னவர்கள்கூட அத்தனை வருடமும் அவற்றைக் கொண்டாடிக்கொண்டுதான் இருந்தார்கள். வழக்குகள் நடந்தன. வாங்கியவர்களின் கோபம் நியாயமானது, விவரத்தை மறைத்தது தப்புதான். ஆனா ஒண்ணு கவனிங்க. 'நல்லா இருக்கு' என்று அவர்கள் காது சொன்னது சரி. 'ஏன்னா டிஜிட்டல் இல்லை' என்று மனசு சேர்த்துக்கொண்ட காரணம்தான் தவறு.

அப்படின்னா வீட்டில் எப்படிச் சோதிப்பது? செலவே இல்லை. ஒருவர் கேபிளைக் கையாளட்டும், நீங்கள் அவரையும் பார்க்கக்கூடாது, கேபிளையும் பார்க்கக்கூடாது. ஒவ்வொரு முறையும் அவர் காசைச் சுண்டி, பூ விழுந்தால் பழையது, தலை விழுந்தால் புதியது என்று போடட்டும். மாற்றாவிட்டாலும் பிடுங்கிச் சொருக வேண்டும், நீங்கள் நாற்காலியை நகர்த்தக்கூடாது, வால்யூமைத் தொடக்கூடாது. 10 முறை செய்து, ஒவ்வொரு முறையும் எது என்று எழுதுங்கள். சும்மா ஊகித்தாலே 5 சரியாக வரலாம். 9 அல்லது அதற்கு மேல் ஊகத்தில் வர வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான்.

9 வந்தால், என்னைப் போன்ற சந்தேகப் பிராணிகள் வாயை மூடிக்கொண்டு காரணத்தைத் தேடணும். அதுதான் நியாயம். 5 வந்தால், உலகத்தில் யாருக்குமே வித்தியாசம் தெரியாது என்று அர்த்தமில்லை. ஆனால் அன்றைக்கு, அந்த அறையில், உங்களுக்குத் தெரியவில்லை. அப்போ அந்தப் பணத்தை நீங்கள் எதற்குக் கொடுக்கணும்?

ஸ்பீக்கர் கேபிளுக்கு ஒரு கணக்கு சொல்றேன். வீட்டு வயரிங்குக்குப் போடுகிற 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயரை 5 மீட்டருக்கு இழுத்தால், போக வர மொத்த மின்தடை சுமார் 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் அதனால் வரும் இழப்பு ஒரு டெசிபலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதே ஸ்பீக்கரைச் சுவர் மூலையிலிருந்து இரண்டடி வெளியே இழுத்துப் பாருங்கள், பேஸ் பல டெசிபல் மாறும். தரையில் ஒரு தடித்த ஜமக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை, புத்தகம் நிறைந்த அலமாரி, இவையெல்லாம் எதிரொலியை அடக்கும். இதில் பாதி ஏற்கெனவே வீட்டில் இருக்கும்.

முதல்ல அதைச் செய்யுங்க. அதற்குப் பிறகும் கேபிள் ஆசை இருந்தால், திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பத்து தடவை கேட்டுப் பாருங்கள். சோதனை செய்தவர்கள் எத்தனை சரியாக வந்தது என்று எங்களுக்கு எழுதுங்க. 9 வந்தவர்கள் கட்டாயம் எழுதணும். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.