கன்னிப் பெட்டியும் காட்டுப் பேச்சியும்

பேய்ப் படங்கள் பலவற்றுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. செத்தவர் திரும்பி வந்தால் இருப்பவர் அலறி ஓடுவார். களக்காட்டுப் பக்கத்து வீடுகளில் வழக்கம் வேறு. அங்கே செத்தவரை அழைத்து வீட்டுக்குள் உட்கார வைப்பார்கள்.

கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண்பிள்ளை அந்த வீட்டுக்குக் கன்னி. மூலையில் ஓர் ஓலைப்பெட்டி. அதற்குள் மடித்து வைத்த துணி, கண்ணாடி வளையல், ரிப்பன், மஞ்சள். சின்னப் பிள்ளையாகப் போனவள் என்றால் சிற்றாடை. வயதுக்கு வந்தபின் போனவள் என்றால் பாவாடை தாவணி. பழைய துணியை எடுத்துவிட்டுப் புதுத்துணி வைத்துப் படைப்பார்கள். இறந்து இரண்டு தலைமுறை ஆனாலும் அவளுக்கு வயது ஏறாது. தங்கை பேத்தி எடுத்த பிறகும் அக்காள் சிற்றாடைக்காரிதான்.

வீட்டில் கன்னி இருப்பதுபோல், கோயிலிலும் செத்தவர் தெய்வமாக இருக்கிறார். களக்காடு முண்டந்துறைக் காப்பகத்துக்குள், காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் நிற்கிறார். பிராமண குலத்தில் பிறந்து, சக்கிலியர் வீட்டுப் பெண்களான பொம்மக்காளையும் திம்மக்காளையும் மணந்து, மாடு திருட வந்தவர்களோடு மோதி உயிர்விட்ட முத்துப்பட்டன்தான் அவர். மனைவியர் இருவரும் அவரோடு தீயில் இறங்கினார்கள் என்கிறது கதை. அவருக்கு நேர்ந்துகொள்கிறவர்கள் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். வில்லடித்து அந்தச் சாவைப் பாடும்போது கேட்பவர்கள் கண்கலங்குவது பயத்தால் இல்லை.

இந்த மண்ணின் துக்கம் சினிமாவுக்கு வர வெகுகாலம் பிடித்தது. அதுவரை தமிழ்த்திரை துக்கத்துக்கு வேறொரு மருந்து வைத்திருந்தது: மறுபிறவி. 1963இல் ஸ்ரீதர் எடுத்த ‘நெஞ்சம் மறப்பதில்லை’ படத்தில், போன பிறவியில் தந்தையான ஜமீன்தாரால் காதலியை இழந்தவன் மீண்டும் பிறந்து வருகிறான். நூறு வயதைத் தாண்டிய கிழவராக நம்பியார் இன்னும் பகையோடு காத்திருக்கிறார். பாழடைந்த மாளிகையில் ஒளியையும் இருட்டையும் நிறுத்திக் காட்டியவர் ஒளிப்பதிவாளர் ஏ. வின்சென்ட். மறுவருஷம் அவரே மலையாளத்தில் ‘பார்கவி நிலையம்’ படத்தை இயக்கினார். பஷீர் தன் ‘நீலவெளிச்சம்’ கதையை வைத்து எழுதிய திரைக்கதை அது. பேய் இருக்கும் வீட்டுக்குக் குடிவரும் எழுத்தாளன் ஓடவில்லை. அவளோடு பேசுகிறான், அவள் கதையை எழுதுகிறான். செத்தவளிடம் என்ன நடந்தது என்று ஒருவன் உட்கார்ந்து கேட்டதுதான் அந்தப் படத்தின் பெருமை.

அதே 1964 பொங்கலுக்கு பி.ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ வந்தது. போர்க்களத்தில் விழுந்து கிடக்கும் சிவாஜியை மடியில் போட்டுக்கொண்டு, அவன் என் மகன் என்று குந்தி ஊரறிய அழுவாள். உயிரோடு இருந்தவரை வாய்திறக்க முடியாத தாய் அவள். படம் முழுக்க அடக்கி வைத்த துக்கம் கடைசியில்தான் உடைகிறது.

57 வருஷம் கழித்து, 2021 ஏப்ரலில், மாரி செல்வராஜ் அதே பெயரில் ஒரு படம் எடுத்தார். புளியங்குளத்துக்காரர், தாமிரபரணிப் பாசனத்து ஆள். பொடியங்குளம் என்ற கற்பனைக் கிராமத்தில் கர்ணன், திரௌபதை, துரியோதனன், அபிமன்யு என்று பாரதப் பெயர்களாகவே வைத்தார். ஆனால் சாவைத் தூக்கி முதல் காட்சியில் போட்டுவிட்டார். நடுரோட்டில் ஒரு சிறுமி வலிப்பு வந்து துடிக்கிறாள். பஸ் அவளைத் தாண்டிப் போகிறது. மற்ற வண்டிகளும் நிற்கவில்லை. தேனி ஈஸ்வரின் கேமரா மேலிருந்து பார்க்கிறது. உயிர் பிரிகிறது, அந்தச் சின்ன முகம் தெய்வத்தின் முகமாகிறது. அவள் கர்ணனின் தங்கை. இனி காட்டுப் பேச்சி.

அதன்பின் படம் நெடுக, பிள்ளை உடம்பும் தெய்வ முகமுமாக அவள் வந்து நின்று பார்க்கிறாள். யாரையும் பயமுறுத்துவதில்லை. அவளுக்கு மறுபிறவி கிடையாது, போனவள் போனவள்தான். ஆனால் பஸ் நிற்காத ஊர் என்ற அநியாயம் தீரும்வரை அவளும் போகமாட்டாள். பந்துலுவின் கர்ணனில் ஒரு தாயின் துக்கம் என்றால், இங்கே ஒரு குடும்பத்தின் துக்கம் ஊரின் வழக்காக மாறுகிறது.

2018இல் வந்த ‘பரியேறும் பெருமாள்’ படத்திலும் இதே கைதான் தெரிகிறது. தண்டவாளத்தில் கட்டிப்போட்டுக் கொல்லப்பட்ட கருப்பி என்ற நாய்க்கு மனுஷருக்குச் செய்வதுபோலவே ஊர் கூடி அடக்கம் செய்கிறது. நாயும் போனபின் திரும்பி வருகிறது, பரியனைக் காப்பாற்ற.

கன்னிப் பெட்டி உள்ள வீட்டில் வளர்ந்தவருக்கு இதெல்லாம் புதுமையாகத் தோன்றாது. திடீர்ச் சத்தத்தை நம்பி எடுத்த எத்தனையோ பேய்ப் படங்கள் மறந்துபோன பிறகும் காட்டுப் பேச்சி நிற்பதற்குக் காரணம் அதுதான். மாரி செல்வராஜ் பேயைப் படைக்கவில்லை. அழுது தீராத ஒரு வீட்டைக் காட்டினார்.

பெட்டியில் துணி மாற்றும் பல வீடுகளில் இன்று கன்னியின் பெயர் இளையவர்களுக்குத் தெரியாது. அவள் யார், எப்படிப் போனாள் என்பது ஆச்சிமார் நினைவில் மட்டுமே இருக்கிறது. களக்காட்டிலோ அம்பையிலோ உங்கள் வீட்டில் அப்படி ஒரு பெட்டி இருந்தால், ஆச்சி இருக்கும்போதே கேட்டு அந்தப் பெயரை எழுதி வையுங்கள்.

(தொடரும்)