மறுமலர்ச்சிக் காலச் சமய ஓவியங்களும் முன்வரைபுகளும்

மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள் சமய ஓவியமொன்றைத் தீட்டுவதற்கு முன்னர் கடதாசியில் பல வரைபுகளை வரைந்தனர். இவை முன்வரைபுகள் எனப்படும்.

முன்வரைபு ஏன் அவசியமாயிற்று?

ஈரச்சாந்துச் சுவரோவியத்தில் ஒரு நாளில் தீட்டக்கூடிய பகுதிக்கு மாத்திரமே சுண்ணச்சாந்து பூசப்படும். அது ஈரமாக இருக்கும்போதே வர்ணம் தீட்டப்படல் வேண்டும். சாந்து உலரும்போது வர்ணம் சுவருடன் ஒன்றிவிடும். பெரிய பிழை நேர்ந்தால் அப்பகுதியைச் செதுக்கி அகற்றி மீண்டும் சாந்து பூச நேரிடும். ஆகவே ஓவியர்கள் தமது பிழைகளைக் கடதாசியிலேயே கண்டு திருத்திக்கொண்டனர்.

முன்வரைபுகளின் இரு வகைகள்

1. கற்கை வரைபு: உருவத்தின் நிலை, தசை, ஒளிநிழல் என்பவற்றை ஆராய்வதற்காக வரையப்படுவது. மைக்கல் ஆஞ்சலோ 1508 - 1512 காலப்பகுதியில் ரோம் நகரில் சிஸ்டைன் தேவாலயக் கூரை ஓவியங்களைத் தீட்டினார். அதிலுள்ள லிபிய நாட்டுத் தீர்க்கதரிசினியின் உருவத்திற்காக அவர் செஞ்சுண்ணக்கட்டியால் வரைந்த கற்கை வரைபு நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலையில் உள்ளது. ஓவியத்தில் காணப்படுவது பெண். வரைபில் காணப்படுவதோ ஆண் மாதிரியின் முதுகு. உடலின் பாரத்தைத் தாங்கும் கால்விரல்களை அதே தாளில் மீண்டும் மீண்டும் வரைந்து பார்த்துள்ளார்.

2. முழு அளவு வரைபு: ஓவியத்தின் உண்மையான அளவிலேயே வரையப்படுவது. இது கார்ட்டூன் எனப்பட்டது. கோடுகளின் வழியே ஊசியால் துளையிட்டு, தாளைச் சுவரில் வைத்து, கரித்தூள் கட்டிய துணிப்பொட்டலத்தால் தட்டுவர். துளைகளினூடாகக் கரித்தூள் சென்று சுவரில் புள்ளிக்கோடாகப் பதியும். கூரிய முனையால் கோடுகளின் மேல் அழுத்தி வரைந்தும் பிரதிசெய்தனர்.

லியனாடோ டாவின்சி கன்னி மரியாள், குழந்தை இயேசு, புனித அன்னாள், திருமுழுக்கு யோவான் ஆகியோரை வரைந்த கார்ட்டூன் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளது. எட்டுத் தாள்களை ஒட்டி, கரியாலும் வெண்சுண்ணக்கட்டியாலும் வரையப்பட்டது. இதன் கோடுகளில் துளைகளோ அழுத்திய தடங்களோ இல்லை. எனவே இது ஓவியமாகப் பிரதிசெய்யப்படவில்லை எனக் கருதப்படுகின்றது. எனினும் இன்று இதுவே ஒரு தலைசிறந்த படைப்பாகப் போற்றப்படுகின்றது.

கவனிக்க: இங்கு கார்ட்டூன் என்பது பத்திரிகைக் கேலிச்சித்திரம் அன்று. விடையெழுதும்போது முன்வரைபை "முடிவுறாத ஓவியம்" எனக் குறிப்பிடாதீர்கள். ஓவியர் சிந்தித்துத் தீர்மானித்த இடம் அதுவே.

பயிற்சி வினா: கற்கை வரைபுக்கும் முழு அளவு வரைபுக்கும் இடையிலான வேறுபாடுகள் இரண்டினை உதாரணத்துடன் விளக்குக.