மடிக்கணினியின் மறதி

சென்ற மாதத்துக் கடைசி நாளில் மதுரை நகரைச் சேர்ந்த ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் காரியாலயத்திற்குச் செல்ல நேர்ந்தது. அன்று கூலிப் பட்டுவாடா தினம். அங்கத்தினர்கள் பலர் திண்ணையில் காத்திருந்தனர். அவர்களுடைய வங்கிக் கணக்குகளுக்குக் கூலியை அனுப்ப வேண்டிய மடிக்கணினியோ, இணையத்துடன் சேர மறுத்து, வைஃபை இணைப்பின் கடவுச்சொல்லைக் கேட்டவண்ணம் இருந்தது.

"நேற்றும் கேட்டது, போட்டோம். முந்தாநாளும் கேட்டது, போட்டோம். ராத்திரி மூடி வைத்தால் காலையில் எல்லாம் மறந்துவிடுகிறது ஐயா" என்றார் கணக்கர். தினந்தோறும் காலையில் வந்து அச்சொல்லைப் பதித்துத் தருபவர் பக்கத்துத் தெருவிலுள்ள ஓர் இளைஞர். அவர் அன்று ஒரு திருமணத்திற்காக வெளியூர் சென்றிருந்தார். கைப்பேசியிலும் கிடைக்கவில்லை. கூலி மறுநாள்தான் போய்ச் சேர்ந்தது.

ஒரு நாள் தாமதம் பெரிய விஷயமா என்று சிலர் கேட்கக்கூடும். தறிக்கூலியைக் கொண்டே கடைக்கணக்கைத் தீர்க்கும் குடும்பத்திற்கு அது பெரிய விஷயந்தான். மேலும், கூலியோடு காரியம் முடிவதில்லை. 2017 ஜூலை முதல் நாளிலிருந்து சரக்கு சேவை வரிக் கணக்குகளை இணைய வழியாகவே தாக்கல் செய்கிறோம். கெடு தவறினால் தாமதக் கட்டணம் உண்டு. 2016-இல் தொடங்கிய தேசிய வேளாண் மின்னணுச் சந்தையில் ஏலம் நடப்பதும் கணினி வழியாகவே. நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்குவதற்கு 2022-இல் மத்திய அரசு ரூ. 2,516 கோடி மதிப்பில் ஒரு திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. நெசவாளரோ விவசாயியோ, இனி நம் சங்கக் கணக்கு கணினியை நம்பியே நிற்கும். ஆகையால் அதன் மறதிக்குக் காரணம் கண்டு தீர்க்கும் வழியை அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம்.

நினைவு எங்கே இருக்கிறது?

ஜக்கார்டு தறியைக் கண்டிருப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. சேலையின் பூவேலை நெய்பவரின் ஞாபகத்தில் இல்லை. துளையிட்ட அட்டைகளில் இருக்கிறது. அட்டைகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும்வரை, தறியில் யார் உட்கார்ந்தாலும் அதே பூ விழும். அட்டை கிழிந்தாலோ, வேறு அட்டை மாட்டப்பட்டாலோ பூ மாறிவிடும்.

மடிக்கணினியும் அவ்வாறே. வைஃபை இணைப்பின் பெயர், கடவுச்சொல், தானாகச் சேர வேண்டுமா என்ற உத்தரவு ஆகிய மூன்றையும் ஒரு சிறு குறிப்பாகத் தன் வட்டில் எழுதி வைத்துக்கொள்கிறது. மறுபுறம், இணைப்பை வழங்கும் ரூட்டர் என்னும் பெட்டியும் அதே பெயரையும் கடவுச்சொல்லையும் தன்னுள் எழுதி வைத்திருக்கிறது. இரண்டு குறிப்புகளும் ஒத்திருந்தால் கதவு திறக்கும்; ஒன்று அழிந்தாலும் மாறினாலும் கதவு திறவாது. எனவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, மறந்தது மடிக்கணினியா, ரூட்டரா என்பதே.

மூன்று சோதனைகள்

பழுது பார்ப்பவரை அழைக்கும் முன் கீழ்க்கண்ட மூன்று சோதனைகளையும் வரிசை மாறாமல் செய்து பாருங்கள். பணச் செலவு எதுவும் இல்லை.

முதலாவது: முன்பே அதே இணைப்பில் சேர்ந்திருந்த ஒரு கைப்பேசியை எடுத்துப் பாருங்கள். அதுவும் கடவுச்சொல்லைக் கேட்குமாயின் மடிக்கணினி நிரபராதி; குறை ரூட்டரிடம் உள்ளது. இணைப்பின் பெயர் நீங்கள் வைத்த பெயராக இல்லாமல், ரூட்டரின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் கண்ட பெயராக மாறியிருந்தால், யாரோ அதன் பின்புறச் சிறு துளையில் ஊசியை அழுத்திவிட்டார்கள் என்று ஊகிக்கலாம். அந்தத் துளை நிறுத்தி ஓட்டுவதற்கானதன்று. எழுதியவை அனைத்தையும் அழிப்பதற்கானது. ரூட்டரை நிறுத்தி ஓட்ட வேண்டுமானால் மின்விசையை அணைத்துப் போட்டாலே போதும்.

இரண்டாவது: கைப்பேசி தானாகச் சேர்ந்து, மடிக்கணினி மட்டும் தவறுமானால், கைப்பேசியிலிருந்தே ஓர் இணைப்பை வழங்கும் 'ஹாட்ஸ்பாட்' வசதியைத் திறந்து, மடிக்கணினியை அதனுடன் சேருங்கள். பிறகு மடிக்கணினியை நிறுத்தி மீண்டும் இயக்குங்கள். இந்தப் புதிய இணைப்பை நினைவில் வைத்திருந்தால், காரியாலய இணைப்பைப் பற்றிய பழைய குறிப்பு மட்டுமே பழுது. இதையும் மறந்தால், மடிக்கணினி எதையுமே எழுதி வைப்பதில்லை என்று பொருள்.

மூன்றாவது: திரையில் ஒரு வெற்றுக் கோப்பை உண்டாக்கிப் பெயரிட்டு வைத்து, மடிக்கணினியை நிறுத்தி இயக்குங்கள். அந்தக் கோப்பும் காணாமற் போனால், வைஃபை மீது குற்றம் சுமத்திப் பயனில்லை. நோய் வேறிடத்தில் இருக்கிறது.

நோயும் மருந்தும்

கடவுச்சொல்லைக் கேட்காமல், ஆனால் தானாகவும் சேராமல் நிற்பது மிகச் சிறிய குறை. இணைப்பின் பெயரைத் தொடும்போது தோன்றும் 'கனெக்ட் ஆட்டோமேட்டிக்கலி' என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டால் தீர்ந்தது.

பழைய குறிப்பு மட்டும் கெட்டிருந்தால் அதை அழித்துப் புதிதாக எழுத வேண்டும். விண்டோஸ் கணினியில் 'செட்டிங்ஸ்', 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', 'வைஃபை', 'மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ்' என்று வரிசையாகச் சென்றால் சேர்த்து வைத்த பெயர்கள் தெரியும். காரியாலய இணைப்பின் பெயரில் 'ஃபர்கெட்' கொடுத்துவிட்டு, கடவுச்சொல்லைப் புதிதாகப் பதியுங்கள். ரூட்டரின் கடவுச்சொல்லை மாற்றிய பின் வரும் தொல்லைகள் பெரும்பாலும் இதனால் நீங்கும்.

எந்த இணைப்பும் தானாகச் சேரவில்லையென்றால், 'டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக்' என்ற உட்பணி நின்றிருக்கலாம். 'சர்வீசஸ்' பட்டியலில் அதைக் கண்டு 'ஆட்டோமேட்டிக்' என்று அமைக்க வேண்டும். இந்த மாற்றத்தை நிர்வாகி உரிமையுள்ள கணக்கிலிருந்தே செய்ய முடியும்.

மடிக்கணினியில் வெளியிலிருந்து செருகும் சிறு வைஃபை வில்லை இருக்குமானால், அதை எப்போதும் ஒரே துளையில் செருகுங்கள். துளை மாறினால் சில வில்லைகளைக் கணினி புதிய சாதனம் என்றே கருதும். பழைய குறிப்புகள் அதற்குப் பொருந்தா.

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த கணினிகள் நம் வீடுகளிலும் சங்கங்களிலும் இன்னும் காணப்படுகின்றன. வயது முதிர்ந்த கணினிகளில் நாணயம் போன்ற சிறு மின்கலம் ஓய்ந்துபோவது இயல்பு. அதன் அறிகுறி, கணினியை இயக்கும்போது கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருப்பது. தேதி தவறானால் வைஃபை சேர்ந்திருந்தும் வங்கிப் பக்கங்கள் திறக்க மறுக்கும். நாம் இணைப்பே இல்லை என்று எண்ணி ஏமாறுவோம். மின்கலத்தை மாற்றுவது சிறு செலவில் முடியும் காரியம்.

வட்டில் இடம் நிரம்பியிருந்தாலும், வட்டே பழுதடையத் தொடங்கியிருந்தாலும் எழுதியது நிலைக்காது. வட்டில் பழுது என்று சந்தேகம் எழுந்த அன்றே கணக்குகளை வேறோர் இடத்தில் படியெடுத்து வையுங்கள்; மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்தச் சங்கத்தில் நடந்தது

மேற்சொன்ன சங்கத்தில் மூன்று சோதனைகளையும் செய்தோம். கணக்கரின் கைப்பேசி தானாகச் சேர்ந்தது. மடிக்கணினியோ கைப்பேசி இணைப்பையும் மறந்தது. திரையில் வைத்த கோப்பையும் இழந்தது. "திரையில் வைக்கும் கடிதங்கள் அடிக்கடி காணாமற் போகின்றன, யாரோ அழித்துவிடுகிறார்கள் என்று நினைத்திருந்தோம்" என்று காரியதரிசி அப்போதுதான் சொன்னார்.

விசாரித்ததில், மூடப்பட்ட ஒரு கணினிப் பயிற்சி நிலையத்திலிருந்து குறைந்த விலைக்கு வாங்கிய மடிக்கணினி அது என்று தெரிந்தது. மாணவர்கள் என்ன மாற்றம் செய்தாலும் மறுமுறை இயக்கும்போது பழைய நிலைக்கே திரும்பும்படி செய்யும் ஒரு மென்பொருள் அதில் இருந்தது. கணக்குகள் வட்டின் வேறொரு பகுதியில் இருந்ததால் தப்பின. யந்திரத்திற்கு மறதி இல்லை. பழைய எஜமானரின் கட்டளையை அது விசுவாசத்தோடு நிறைவேற்றி வந்திருக்கிறது! கணக்குகளைப் படியெடுத்து வைத்துவிட்டு, கணினிக்கு இயக்க மென்பொருளைப் புதிதாகப் பதித்தபின் தொல்லை ஒழிந்தது. தினந்தோறும் ஓர் இளைஞரை அழைத்துக் கடவுச்சொல்லைப் பதித்து வந்த காலமெல்லாம், நோயை விட்டு அறிகுறிக்கே மருந்திட்டு வந்தோம் என்பது புலனாயிற்று.

தேனி தந்த அனுபவம்

மின்சாரக் குறைபாடும் கணினியின் நினைவைக் கெடுக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி அவர்கள் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை அறியாதார் இலர். அதன் தேனி மருத்துவமனையைச் சுற்றுப்புற ஊர்களின் கண் பரிசோதனை நிலையங்களோடு இணைக்க, அமெரிக்காவின் பெர்க்லி கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்வந்தனர். ஒரு கட்டடத்துக்குள் பயன்படும் வைஃபையையே, திசை நோக்கிய ஆன்டெனாக்களாலும் திருத்திய மென்பொருளாலும் 15 கிலோமீட்டர் வரை எட்டச் செய்தார்கள். கோபுரங்களின்மீது மட்டுமன்றி, ஒரு நெசவாலை வளாகத்துப் புகைபோக்கியின் உச்சியிலும் ஒரு கருவியை நிறுவினார்கள். கிராமத்து நோயாளி தம் ஊரிலிருந்தே தேனி டாக்டரின் முகத்தைத் திரையில் கண்டு பேசினார்.

2008-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுரையில், தொல்லைகளுக்குப் பெரும்பாலும் காரணமாக இருந்தது தரமற்ற மின்சாரமே என்று எழுதியுள்ளனர். அழுத்தம் குறைந்தபோது ரூட்டர்கள் பாதி உயிரோடு நின்றன. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் தடுமாறினால் நினைவட்டையில் இருந்தவை சிதைந்தன. இதற்கு அவர்கள் கண்ட மருந்துகள் இரண்டு: அழுத்தம் அளவுக்குக் கீழே இறங்கினால் கருவியைத் தானாகத் துண்டித்துவிடும் ஏற்பாடு ஒன்று, அவசியமின்றி நினைவட்டையில் எழுதாதபடி பூட்டி வைப்பது மற்றொன்று.

குறைந்த அழுத்தத்தில் பம்ப்செட்டை ஓட்டி மோட்டாரைக் கருக்கிய விவசாயிக்கு இது புதுப்பாடமன்று. ரூட்டரின் அமைப்புகளை மாற்றும்போது, 'சேவ்' கொடுத்தபின் அது முடியும்வரை மின்விசையைத் தொடாதீர்கள். சிறு யு.பி.எஸ். ஒன்றை ரூட்டருக்கென வைத்துக்கொள்வது மிகையான செலவாகாது.

மேலூர் தந்த படிப்பினை

இன்னொரு செய்தி. 2001-இல் மேலூர் வட்டாரக் கிராமங்களுக்குக் கம்பியில்லா முறையில் இணையம் வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான 'கார்டெக்ட்' முறையைக் கொண்டு, ஹார்வார்ட், மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் ஆகியவற்றின் கூட்டுறவோடு நடந்த முயற்சி அது. கிராமத்து நிலையங்களில் மக்கள் மனு அனுப்பினர். பயிர் நோய்க்கு ஆலோசனை கேட்டனர். ஆயினும் சில ஆண்டுகளில் அந்நிலையங்களுள் பெரும்பாலானவை மூடப்பட்டன. அவற்றைப் பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்ட உண்மைகளுள் ஒன்று நம் கவனத்திற்குரியது: கணினிப் பயிற்சி உள்ளவர்கள் நடத்திய நிலையங்கள் மற்றவற்றைக் காட்டிலும் நீண்ட நாள் உயிரோடிருந்தன. கோபுரம் எவ்வளவு உயரமாயினும், அதன் அடியில் விஷயம் அறிந்தவர் ஒருவர் இல்லாவிட்டால் நிலைப்பதில்லை.

நம் சங்கங்கள் செய்யத்தக்கவை

ஆகவே நிர்வாகக் குழுவினர் அடுத்த கூட்டத்தில் நான்கு தீர்மானங்களை நிறைவேற்றும்படி கேட்டுக்கொள்கிறோம். ரூட்டரின் பெயர், வைஃபை கடவுச்சொல், ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, முத்திரையிட்ட உறையில் சங்கத்தின் இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும், சுவரில் ஒட்டலாகாது. மடிக்கணினியில் யார், எந்நாள், என்ன மாற்றம் செய்தார் என்பதற்கு ஒரு நோட்டு வேண்டும். பழைய கணினி வாங்கினால் அதன் இயக்க மென்பொருளைப் புதிதாகப் பதித்த பின்னரே கணக்கு எழுதத் தொடங்க வேண்டும். மேற்கண்ட மூன்று சோதனைகளையும் குறைந்தது இரண்டு சிப்பந்திகளேனும் தாமே செய்யப் பழக வேண்டும். ஒருவர் கல்யாணத்திற்குப் போனாலும் மற்றவர் இருப்பார்.

யந்திரம் மறந்தால் நினைவூட்டிவிடலாம். சங்கத்தின் அறிவு ஒரே மனிதரின் தலைக்குள் அடைபட்டுக் கிடந்தால், அவர் ஊரில் இல்லாத நாளில் சங்கமே மறதிக்கு ஆளாகும். அப்பொழுது திண்ணையில் காத்திருப்பவர் நம் அங்கத்தினரே என்பதை மனத்தில் இருத்துவோமாக.