கல்லாச் சாவியும் கம்ப்யூட்டர் சாவியும்

கல்லாப்பெட்டியின் சாவியை நாம் இடுப்பை விட்டு இறக்குவதில்லை. கிட்டங்கிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் உடனே பதில் சொல்வோம். பெட்டியடியில் யார் உட்காரலாம், சரக்கை யார் எடை போடலாம், வெளியூர்ப் பாக்கியை யார் வசூலிக்கலாம் என்பதெல்லாம் நம் கடைகளில் எழுதாத சட்டம். ஆனால் இத்தனைக்கும் கணக்கு அடங்கிய கம்ப்யூட்டருக்கு மட்டும் பல கடைகளில் எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு. அதையும் ஒரு துண்டுத் தாளில் எழுதித் திரையின் ஓரத்திலேயே ஒட்டி வைத்திருப்பார்கள். எங்கள் கடையிலும் அப்படித்தான் இருந்தது. அதனால் என்ன வந்தது என்பதை மறைக்காமல் எழுதினால் மற்ற வியாபாரிகளுக்கு உதவும் என்று எண்ணி எழுதுகிறோம்.

எங்கள் கடையில் நடந்தது

எங்களுடையது பருப்பு, மிளகாய் வற்றல், மல்லி மொத்த வியாபாரம். பில் போடும் இடத்தில் இரண்டு, கிட்டங்கியில் ஒன்று, கணக்கரிடம் ஒன்று, பெட்டியடியில் ஒன்று என ஐந்து கம்ப்யூட்டர்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு பிரிண்டர். கணக்கரின் கம்ப்யூட்டரில் உள்ள கணக்கை மற்ற நான்கிலிருந்தும் பார்க்கவும் பதியவும் முடியும்படி கேபிளால் இணைத்திருந்தோம். இணைத்துக் கொடுத்தவர், "எந்தத் தடையும் வராதபடி எல்லாவற்றையும் திறந்து வைத்திருக்கிறேன்" என்றார். வேலை சுலபமாக நடக்கிறதே என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம்.

ஒரு நாள் கிட்டங்கிச் சிட்டையையும் பில் வரிசையையும் ஒத்துப் பார்த்தபோது, ரூ.48,000 சரக்கு வெளியே போயிருக்கிறது. அதற்குரிய பில் கணக்கில் இல்லை. யாரோ அழித்திருக்கிறார்கள். யார் என்று தேடினால் ஐந்து கம்ப்யூட்டரிலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. கணக்கு இருந்தது கணக்கரின் கம்ப்யூட்டரில் என்பதால், இருபது வருடமாக எங்களிடம் இருக்கும் அவரையே பையன்கள் முன்னால் நிறுத்திக் கேட்டுவிட்டோம்.

அவர் சத்தம் போடவில்லை. "என் கையால அழிச்சிருந்தா என் பேர்லா இருக்கணும். எல்லாருக்கும் ஒரே பேரை வச்சிட்டு எங்கிட்ட மட்டும் கேட்டா எப்படி அண்ணாச்சி?" என்றார். அன்று சாயங்காலம் மேசைச் சாவியை வைத்துவிட்டுப் போனவர் பதினொரு நாள் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள், சரக்கு வாங்கிய வியாபாரியே எங்கள் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு பணம் கட்ட வந்தார். பிறகு விசாரித்ததில் விஷயம் வெளிப்பட்டது. அதே பெயரில் வேறு ஊரில் இன்னொரு வாடிக்கையாளர் உண்டு. அவர் வேண்டாம் என்று சொன்ன பில்லை ரத்து செய்யப் போன புதுப் பையன், பெயரைப் பார்த்தானே தவிர ஊரைப் பார்க்கவில்லை. ரத்தாக வேண்டிய பில் அப்படியே இருந்தது. இருக்க வேண்டிய பில் போய்விட்டது. கை தவறியதே தவிர அதில் திருட்டு எதுவும் இல்லை. பணமும் வந்து சேர்ந்தது. ஆனால் நாங்கள் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியுமா? கணக்கர் வீட்டுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டு அழைத்து வந்தோம்.

பேரேட்டில் கையெழுத்து, கம்ப்யூட்டரில் பெயர்

இதில் நாங்கள் கற்ற பாடம் ஒன்றுதான். பழைய பேரேட்டில் யார் எழுதியது என்று கேட்க வேண்டியதே இல்லை. எழுத்தே ஆளைச் சொல்லிவிடும். தவறினால் அழிக்கக் கூடாது, கோடு கிழித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நம் பெரியவர்கள் வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் வந்ததும் எல்லார் எழுத்தும் ஒன்றாகிவிட்டது. இப்போது கையெழுத்தின் இடத்தில் இருப்பது, வேலையாள் உள்ளே நுழையும் பெயரும் பாஸ்வேர்டும்தான். அதைப் பொதுவாக வைத்தால் தவறு செய்தவன் மறைந்துகொள்வான். செய்யாதவன் பழி சுமப்பான். ஆளுக்கு ஒரு சாவி கொடுப்பது வேலையாளை நம்பாததால் என்று நினைக்க வேண்டாம். நல்ல வேலையாளுக்கு அதுவே காவல்.

முத்துக் குளித்த கடலில் இருந்த ஒழுங்கு

பொதுச் சொத்தை ஒழுங்குக்குள் வைப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பி விளையும் படுகைகளைப் 'பார்' என்பார்கள். நினைத்தவர் நினைத்த நாளில் பாரில் இறங்கிவிட முடியாது. முதலில் பாரைச் சோதித்து, மாதிரி எடுத்து, சிப்பி முதிர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்குப் பிறகே சலாபம் அறிவிக்கப்படும். ஆங்கிலேயர் காலத்தில் கரைக்கு வந்த சிப்பியை மூன்றாகப் பிரித்து, இரண்டு பங்கை அரசும் ஒரு பங்கைக் குளிப்பவர்களும் எடுத்துக்கொண்டார்கள். அரசின் பங்கை வியாபாரிகள் ஏலத்தில் எடுத்தார்கள். தூத்துக்குடியில் கடைசியாக 1955 முதல் 1961 வரை சலாபம் நடந்தது.

பார் ஒன்றுதான். ஆனால் சோதிப்பவர் வேறு, குளிப்பவர் வேறு, ஏலம் எடுப்பவர் வேறு. அவரவருக்கு அவரவர் எல்லை உண்டு. கடைக் கம்ப்யூட்டருக்கும் இதே ஒழுங்குதான் தேவை.

யாருக்கு எது வரை?

ஒரு கணக்கைப் பொறுத்தவரை மூன்று உரிமைகள் உண்டு: பார்ப்பது, பதிவது, திருத்துவது அல்லது அழிப்பது. இந்த மூன்றும் வேறு வேறு என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பில் போடும் பையன் விற்பனை விலையைப் பார்க்க வேண்டும், பில் பதிய வேண்டும்; பழைய பில்லை அழிக்கும் உரிமை அவனுக்கு எதற்கு? கிட்டங்கிக்காரர் இருப்பைப் பார்க்கவும் சரக்கு வரவைப் பதியவும் வேண்டும். கொள்முதல் விலை அவருக்குத் தேவையில்லை. கணக்கருக்குப் பேரேடு முழுவதும் வேண்டும். டாலி போன்ற கணக்கு மென்பொருள்களில் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர் கொடுத்து, எதைப் பார்க்கலாம், எதைத் திருத்தலாம், எத்தனை நாள் பழைய தேதியில் பதியலாம் என்று வரையறுக்க வசதி உண்டு. பலரும் அதைத் திறந்தே பார்ப்பதில்லை.

கணக்கு மென்பொருளுக்கு வெளியேயும் கவனம் வேண்டும். விலைப் பட்டியல், வாடிக்கையாளர் விவரம் போன்றவற்றை ஒரு ஃபோல்டரில் போட்டு 'ஷேர்' செய்கிறோம். அவசரத்தில் 'எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்' என்று கொடுத்துவிடுகிறார்கள். இது கிட்டங்கிக் கதவைக் கழற்றி வைப்பதற்குச் சமம். விண்டோஸில் இதற்கு இரண்டு பூட்டுகள் உண்டு. ஒன்று ஷேருக்கான பூட்டு. மற்றது அந்த ஃபோல்டருக்கே உரிய பூட்டு. அடுத்த கம்ப்யூட்டரிலிருந்து வருபவருக்கு இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும். ஆனால் ஃபோல்டர் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே ஒருவர் உட்கார்ந்துவிட்டால் ஷேர் பூட்டு அவரைத் தடுக்காது. இரண்டாவது பூட்டு மட்டுமே தடுக்கும். ஆகவே இரண்டையும் போடச் சொல்ல வேண்டும்.

2017-இல் உலகம் பட்ட பாடு

உள்ளே உள்ளவர்களால் வரும் தவறு ஒரு பக்கம். வெளியிலிருந்து வரும் ஆபத்து மறுபக்கம். 2017 மே 12-ஆம் தேதி பரவிய 'வானாக்ரை' என்ற நச்சு நிரல், நாம் ஃபோல்டரை ஷேர் செய்யப் பயன்படுத்துகிறோமே, விண்டோஸின் அதே பகிர்வு வசதியில் இருந்த ஓட்டை வழியாகவே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. கேரளத்தின் சில ஊராட்சி அலுவலகங்களும் தப்பவில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டினார்கள்.

அதே ஆண்டு ஜூன் 27-ஆம் தேதி வந்தது 'நாட்பெட்யா'. உக்ரைன் நாட்டில் வியாபாரிகள் பயன்படுத்திய ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக அது நுழைந்தது. ஒரு கம்ப்யூட்டரில் கிடைத்த நிர்வாகி பாஸ்வேர்டைத் திருடி, அதைக் கொண்டே மற்றவற்றையும் திறந்தது. மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்துக்கு 20 முதல் 30 கோடி டாலர் வரை நஷ்டம். மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அதன் குழுமம் நடத்தும் முனையத்திலும் வேலை பாதிக்கப்பட்டது. துறைமுகத்தை நம்பித் தொழில் செய்யும் நமக்கு, கன்டெய்னர் ஒரு நாள் தேங்கினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை

1. கடையில் கம்ப்யூட்டரைத் தொடும் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு. முதலாளி பெயரில் பையன் நுழையக் கூடாது. பையன் பெயரில் முதலாளியும் நுழையக் கூடாது.

2. முதலில் எல்லாவற்றையும் பூட்டுங்கள். பிறகு அவரவர் வேலைக்குத் தேவையானதை மட்டும் திறந்துவிடுங்கள்.

3. நிர்வாகி கணக்கை அன்றாட வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம். அதன் பாஸ்வேர்டை எழுதி உறையில் ஒட்டி இரும்புப் பெட்டியில் வையுங்கள். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே நிர்வாகி பாஸ்வேர்டு வேண்டாம்.

4. வேலையை விட்டுப் போனவரின் பெயரை அன்றே முடக்குங்கள். முடக்கினால் போதும், அழிக்க வேண்டாம். அவர் போட்ட பதிவுகளுக்குச் சாட்சி வேண்டும்.

5. பணம் அனுப்ப வரும் வாடிக்கையாளர் வைஃபை கேட்டால் கடைக் கணக்கு ஓடும் வைஃபையைக் கொடுக்காதீர்கள். பெரும்பாலான ரூட்டர்களில் விருந்தினருக்கெனத் தனி இணைப்பு வைக்க வசதி உண்டு.

6. பழுது பார்ப்பவர் தூரத்திலிருந்து நுழையும் மென்பொருளை வேலை முடிந்ததும் மூடச் சொல்லுங்கள்.

7. கணக்கின் நகலை நாள்தோறும் எடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றித் தனியே வையுங்கள். இணைப்பிலேயே இருக்கும் நகலையும் நச்சு நிரல் பூட்டிவிடும்.

இ-வே பில் தளத்திலும் துணைப் பயனாளரை உருவாக்கி, அவர் என்ன செய்யலாம் என்று வரையறுக்க முடியும். கடையின் முழு பாஸ்வேர்டையும் கிட்டங்கிக்குக் கொடுக்க வேண்டியதில்லை. கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான கம்பெனிகளுக்கு, யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற தடத்தை அழிக்க முடியாதபடி வைக்கும் கணக்கு மென்பொருள் 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். தனி உரிமையாளர் கடைகளுக்கும் கூட்டு வியாபாரங்களுக்கும் அந்த விதி இல்லை. ஆனால் கட்டாயம் இல்லை என்பதால் நன்மை இல்லை என்று ஆகிவிடாது.

இவ்வளவுக்கும் எங்களுக்கு ஆன நேரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புதிதாக எந்தச் சாமானும் வாங்கவில்லை. முதல் வாரம் பையன்கள் "பாஸ்வேர்டு மறந்துபோச்சு" என்று வந்து நின்றார்கள், பிறகு பழகிவிட்டது. யாருக்கு எது வரை என்று எழுதிய நோட்டு இன்று எங்கள் கணக்கரிடம்தான் இருக்கிறது. அவரே அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அண்மையில் ஒரு பில் தவறாகப் பதிவானபோது, நாங்கள் விசாரிக்கும் முன்பே அதைப் போட்ட பையன் வந்து சொல்லிவிட்டான். யாரையும் யார் முன்னாலும் நிறுத்த வேண்டிய அவசியம் வரவில்லை.

வணிகப் பெருமக்களே, இன்று கடை அடைக்கும் முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். நேற்று உங்கள் கணக்கில் ஒரு பில் அழிந்திருந்தால், அழித்தவர் யார் என்று உங்களால் சொல்ல முடியுமா? முடியாது என்றால் வருகிற ஞாயிற்றுக்கிழமையை இந்த வேலைக்கு ஒதுக்குங்கள்.